ஃபாதரோடு தாழ்ந்த லோஞ்ச்

தள்ளிப்போடுவதற்கு ஒரு டிகிரி இருந்தால் எனக்கு அதில் முதலாம் வகுப்பு நிச்சயம். (விண்ணப்பத்தை நேரத்துக்கு அனுப்பியிருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.) கம்பஸில் கணினி படித்தேன். வெளிநாட்டுக் கொம்பனி ஒன்றுக்கு ஒன்லைனில் வேலை செய்கிறேன். ஆனால் ஒரு பலகை இடுக்கால் ஒழுகிய தண்ணீரை நிற்பாட்ட எனக்கு ஏழு மாதம் எடுத்தது. நிற்பாட்டிய விதத்தை எங்கள் கோயில் பங்கில் இன்னும் கதைக்கிறார்கள்.

திருகோணமலையிலிருந்து மூதூருக்குப் பாலங்கள் வருவதற்கு முன் சனம் கடலால்தான் போய்வந்தது. ஆட்களையும் ஆடுகளையும் சைக்கிள்களையும் ஒன்றாக ஏற்றிப்போன மர லோஞ்சுகளில் ஒன்றை அப்பா ஓட்டினார். ரோட்டு வந்ததும் லோஞ்சுக்கு ஓய்வு கிடைத்தது. எஞ்சினைக் கழற்றி யாரோ கொண்டுபோனார்கள். மிச்சத்தை அப்பா விடவில்லை, உள்துறைமுகக் கரையோரம் கட்டிவைத்தார். கம்பஸ் முடிந்த கையோடு நான் அதில் குடியேறிவிட்டேன். ஒரு கட்டில், ஒரு காஸ் அடுப்பு, ஒரு லப்டொப், சுற்றிவரக் கடல். ராணி மாதிரி இருந்தேன்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. பொம்பிளைப் பிள்ளை தண்ணிக்குள் தனியாக இருக்கிறதோ என்பது அவர் கேள்வி. கொழும்பில், வெள்ளவத்தையில் மாமா வீட்டில் தங்கி, ஒழுங்கான ஒரு வங்கி வேலைக்குப் போவது அவர் திட்டம். பாலையூற்றில் எங்கள் வீட்டில் என் அறையும் போய்விட்டது. பிள்ளைப்பேற்றுக்கு வந்த அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். ஆகவே லோஞ்ச் போனால் எனக்கு வெள்ளவத்தைதான்.

அந்த லோஞ்ச்தான் தை மாதம் ஒழுகத் தொடங்கியது. முதலில் காலையில் ஒரு வாளி இறைத்தால் போதும். திருத்துவதற்குப் பதிலாக நான் அதை உடற்பயிற்சி என்று சொல்லிக்கொண்டேன். ஒன்று மூன்றாகி, மூன்று பத்தான பிறகுதான், ஈஸ்டர் முடிந்த கிழமை, ட்ரக்டரால் இழுத்துக் கரையில் ஏற்றினோம். “ஒரு கிழமை வேலை” என்று எல்லோருக்கும் சொன்னேன்.

பிறகு என்ன செய்தேன்? வீடியோ பார்த்தேன். மர வள்ளம் திருத்துவது எப்படி என்று நாற்பது வீடியோ. எல்லாவற்றிலும் ஒரு தாடிக்காரர் தேத்தண்ணியைக் குடித்தபடி பலகையைத் தடவுவார். நானும் வீட்டு ஹோலில் கிடந்து தேத்தண்ணி குடித்தேன். பலகையைத் தடவுவது மட்டும் பாக்கி. நிறம் நிறமாக ஒரு அட்டவணை போட்டேன். வைகாசியில் வெயில் கூட என்று விட்டேன். ஆனியில் கச்சான் காற்று கண்ணுக்குள் மண்ணை வாரி எறிகிறது என்று விட்டேன். ஆடியில் லோஞ்சின் கீழே நிழலுக்கு வந்து படுத்த மான்களை எழுப்பப் பாவமாக இருந்தது. (நம்பாவிட்டால் திருகோணமலைக்கு வந்து பாருங்கள்.) பலகை இடுக்குகள் விரிந்து, இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கத்து மானின் கண் தெரிந்தது. நல்லாக் காயட்டும், காய்ந்தால்தான் பெயின்ட் பிடிக்கும் என்று எனக்கு நானே விளக்கம் கொடுத்தேன்.

ஒருநாள் அம்மா சாப்பாடு கொண்டுவந்தார். இடுக்குக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

“இப்பிடிக் காயவிடக்கூடாது மகள்.”

“அம்மா, உங்களுக்கு வள்ளத்தைப் பற்றி என்ன தெரியும்? நான் வீடியோ பார்த்தனான்.”

(அம்மாவின் தகப்பனுக்கு மூன்று வள்ளம் இருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் இந்த வாய் திறந்தது.) அம்மா சாப்பாட்டுப் பெட்டியை வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வள்ளம் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. நிபந்தனை மட்டும் வைத்தார்: ஆவணியில் வருகிற மடு மாதா திருநாளுக்கு முதல் லோஞ்ச் மிதக்க வேண்டும், ஃபாதர் வந்து செபம் சொல்லி மந்திரிக்க வேண்டும், எல்லோரும் அதில் இருந்து தேத்தண்ணி குடிக்க வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளவத்தை.

பயம் வந்ததும் நான் ஒரு மெஷின். ஐந்து நாளில் கண்ணுக்குத் தெரிந்த இடுக்கெல்லாம் பஞ்சும் பசையும் அடைத்தேன். தெரியாத இடுக்குகளைப் பெயின்ட்டிடம் ஒப்படைத்தேன். வெள்ளையும் நீலமுமாகக் கலியாணக் கேக் மாதிரி வந்தது. முந்தைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு லைக் அள்ளினேன்.

மந்திரிக்கிற நாள் வந்தது. ஆட்கள் சேர்ந்து தென்னங்குற்றி போட்டு உருட்டி இறக்கினார்கள். லோஞ்ச் மிதந்தது. நான் செல்ஃபி எடுத்தேன். கரையில் இருந்து நாலு எட்டுத் தூரத்தில் கட்டிவிட்டு, ஃபாதரை ஏற்றினேன். எங்கள் ஃபாதர் நல்ல பாரமான ஆள். அப்பா ஏறினார். அம்மா கையில் ஒரு ஷொப்பிங் பையோடு ஏறி, இறங்குகிற பலகைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டார். வயிற்றுப் பிள்ளையோடு அக்கா கரையில், கதிரையில்.

ஃபாதர் செபம் சொல்லி இடப்பக்கம் தீர்த்தம் தெளித்தார். வலப்பக்கம் தெளித்தார். நாங்கள் “ஆமென்” சொன்ன நேரம் காலுக்குக் கீழே விரித்திருந்த பாய் மிதந்தது. ஃபாதர் குனிந்து பார்த்தார். கையிலிருந்த தீர்த்தச் செம்பையும் ஒருக்கால் பார்த்தார்.

“பிள்ளை, நான் இவ்வளவு தெளிக்கேல்லயே.”

“சின்ன லீக் ஃபாதர், நோமல்தான்” என்றேன். அந்தச் சின்ன லீக் நாலு பக்கத்தாலும், கூடைக்குள் தண்ணீர் வருவது மாதிரி வந்தது. பட்டர் கேக் தட்டு என்னைக் கடந்து போனது. அப்பா சேர்ட்டைக் கழற்றினார். திரும்பிப் பார்த்தால் அம்மா எப்போதோ கரையில். நான் லப்டொப்பைத் தலைக்கு மேலே தூக்கினேன். ஃபாதர் செபப் புத்தகத்தைத் தூக்கினார். லோஞ்ச் அவசரமே இல்லாமல், பஸ்ஸில் சீட் கிடைத்த ஆள் போல, இடுப்பளவு தண்ணீரில் மண்ணில் குந்தியது.

கரையில் நின்று அங்கியைப் பிழிந்தபடி ஃபாதர் சொன்னார்: “நாங்கள் ஞானஸ்நானத்துக்குத் தலையில கொஞ்சம் ஊத்திற ஆக்கள் பிள்ளை. உங்கட லோஞ்ச் முழுக்கு எடுக்கிற சபை போல கிடக்கு.”

அக்கா சிரித்த சிரிப்பில் பிள்ளை அங்கேயே பிறந்துவிடுமோ என்று பயந்தோம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மணலில் இருந்துவிட்டேன். தள்ள வந்தவர்களில் விறகுகாலைக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து, நாளைக்கே ஆள் அனுப்பி விறகுக்கு உடைத்து ஏற்றலாம் என்றார். “கொண்டு போங்கோ” என்றேன். அப்பா கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் அம்மா வாய் திறந்தார். ஷொப்பிங் பைக்குள் இருந்தது எனக்கும் அப்பாவுக்கும் மாற்றுடுப்பு. அதை என் மடியில் போட்டார்.

“ஒருத்தரும் தொடாதேங்கோ. மூண்டு நாள் அப்பிடியே கிடக்கட்டும். கச்சானில காய்ஞ்ச பலகை, வயிறு நிறையக் குடிச்சால் தன்ரபாட்டில இறுகும்.”

எனக்கு விளங்க நேரம் எடுத்தது. “அப்ப இது தாழும் எண்டு தெரியுமோ?”

“ஓம்.”

“ஏன் சொல்லேல்ல?”

“நீதானே வீடியோ பார்த்தனீ.”

வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. “இப்ப பேசாமல் விட்டிருந்தால் நான் வெள்ளவத்தைக்குப் போயிருப்பனே. உங்களுக்கு அதுதானே விருப்பம்.”

“போயிருப்பாய். போய் ஒவ்வொரு நாளும் ஃபோனில அழுதிருப்பாய். அதை ஆர் கேக்கிறது” என்றார் அம்மா. விறகுகாலைக்காரரைப் பார்த்து, போய் வரச் சொன்னார்.

மூன்று நாள் கழித்து அப்பாவும் நானும் இறைத்தோம். கை வலிக்க வலிக்க லோஞ்ச் எழும்பியது. பலகைகள் ஒன்றோடொன்று இறுகி, நகம் போக இடமில்லை. ஒரேயொரு இடம் மட்டும் ஒழுகியது: முதன்முதலில் ஒழுகத் தொடங்கிய அதே இடம். அம்மா கரையில் கதிரை போட்டிருந்து சொல்லச் சொல்ல, நான் அடைத்தேன். நாற்பது நிமிடம். ஏழு மாதம் தள்ளிப்போட்ட வேலை அவ்வளவுதான். அன்று பின்னேரம் அம்மா ஏறி, தேத்தண்ணி குடித்து, சீனி காணாது, இன்னும் போடு என்றார். அனுமதி கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

இதை எழுதுவதும் லோஞ்சில் இருந்துதான். ஆனால் மானம் இன்னும் மிதக்கவில்லை. போன மாதம் அக்காவின் மகளுக்கு ஞானஸ்நானம். ஞானத்தாய் நான், பட்டுச்சேலை கட்டிக் குழந்தையை ஏந்திக்கொண்டு நிற்கிறேன். ஃபாதர் தண்ணீரை எடுத்தார். ஊற்றவில்லை. என்னைப் பார்த்தார்.

“கொஞ்சம் ஊத்தினால் காணுமோ, இல்லாட்டி இவவையும் மூண்டு நாள் ஊறவிடுவமோ?”

கோயில் முழுக்கச் சிரித்தது. கோயிலுக்குள் எங்களை இருமவும் விடாத அம்மாதான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தார். குழந்தை மட்டும் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தது. பரவாயில்லை, அவள் வளர்ந்ததும் விளங்கப்படுத்த எங்கள் பங்கில் ஆளுக்குப் பஞ்சமில்லை.