நாற்காலிக்குப் பின்னால் ஒருவர்

இந்த மும்பையில் எலிகளுக்கும் புறாக்களுக்கும் அடுத்தபடியாகப் பெருகி வாழும் ஓர் உயிரினத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். அதற்கு உட்கார இடம் வேண்டியதில்லை. யாராவது ஒருவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு வேலையில் மூழ்கியிருந்தால் போதும். அந்த நாற்காலியின் முதுகில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு, உட்கார்ந்திருப்பவரின் காதோரம் மூச்சு விட்டுக்கொண்டு, வாயில் பாதி மென்ற பாக்கோடு, திரையை நோக்கி விரலை நீட்டியபடி அது முளைத்துவிடும். "அத அமுக்கு. அது இல்ல, அதுக்கு மேல உள்ளது" என்று சொல்லும். நாம் அமுக்க வேண்டும். கெட்டுப்போனால் நாம் கெடுத்தோம். தற்செயலாகச் சரியானால் அது சரிசெய்தது.

நாற்காலிக்குப் பின்னால் நிற்பவர் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன்.

எப்படி அடையாளம் காண்பது? சுலபம். முதலில் நாக்கால் 'ச்ச்' என்று ஓர் ஒலி எழுப்பும். பிறகு, நாடி பிடிக்கிற டாக்டரின் குரலில், "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சா?" என்று கேட்கும். பதிலுக்குக் காத்திருக்காது. "ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணு" என்று சொல்லும். அப்படியும் சரியாகாவிட்டால் கேபிள் லூஸ். கேபிள் இறுக்கமாக இருந்தால் கேபிளே தப்பு. அதுவும் இல்லையென்றால் வாஷியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் அக்கா மகனுக்குப் போன் போடும். இந்த இனத்தில் ஒவ்வொருவருக்கும் வாஷியில் ஓர் அக்கா மகன் உண்டு. அவன் எப்போதும் மீட்டிங்கில் இருப்பான். எல்லாம் முடிந்தபின், அந்தப் பொன்மொழி வரும்: "நான் அப்பவே சொன்னேன்."

அந்த 'அப்பவே' எப்போது வந்து எப்போது போனது என்பதை இதுவரை யாரும் கண்டதில்லை.

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரியாக, தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டில் தோல் பெல்ட் வியாபாரம் செய்யும் மகேஷ்குமாரைக் காட்டலாம். சலூனில் பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கிருதா எங்கே நிற்க வேண்டும் என்று சொல்பவர் அவர். பிளாட்பாரத்தில் ரயில் எங்கே நிற்கும் என்று முன்பின் தெரியாதவர்களுக்குச் சொல்லி, அவர்களைத் தவறான இடத்துக்கு ஓடவைப்பவரும் அவரே. வேறு ஒருவராக இருந்தால் "சலோ சலோ" என்று விரட்டிவிடலாம். இவரை விரட்ட முடியாது. ஏனென்றால் இந்தக் கதையில் இவர் தாய்மாமன்.

கல்யாணம் அக்கா பேராச்சியின் மகள் விஜயலட்சுமிக்கு. நம் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: தாலி ஊரில், வரவேற்பு பம்பாயில். திருநெல்வேலிப் பக்கத்து மண்டபத்தில் முகூர்த்தம் நடந்தது. லீவு கிடைக்காதவர்களும் ரயில் டிக்கெட் கிடைக்காதவர்களும் பார்ப்பதற்காக, வடாலா மண்டபத்து வரவேற்பில் அந்தக் கல்யாணத்தைப் பெரிய திரையில் ஓட்ட வேண்டும். ஊருக்குப் போகாதவர்களில் முதல் ஆள் யார் தெரியுமா? பெண்ணைப் பெற்ற அப்பா.

அய்யாத்துரை பட்டறையில் தோல் கட்டு இறக்கும்போது விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ரயில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முகூர்த்தத் தேதியோ யார் இடுப்புக்காகவும் நகராது. கட்டிலில் படுத்தபடியே போனில் வீடியோ கால் போட்டு மகளின் கல்யாணத்தைப் பார்த்தார். கெட்டிமேளம் தொடங்கிய அந்த நொடியில் படம் உறைந்து, நடுவில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. அது நின்றபோது தாலி ஏறியிருந்தது. அந்த வட்டத்தைத்தான் அவர் பார்த்தார், பாவம். உங்களுக்கு மனம் கனக்கிறதா? கனக்கட்டும். எனக்கும் கனக்கிறது.

வீடியோவை வெட்டி ஒட்டும் வேலை சஃபீனாவுடையது. மகேஷ்குமார் கடை இருக்கும் அதே தெருவில் மாடியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அவள் வாயைக் கண்டு கல்யாண வீட்டுக்காரர்கள் பயப்படுவார்கள். வேலையைக் கண்டு மறுபடி வருவார்கள். ஊரிலிருந்து படப்பதிவைக் கொண்டுவந்த மகேஷ்குமார், கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். போவாரா? வரவேற்பு அன்று காலையிலேயே வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"இது என்ன புள்ள, ஓரத்துல செவப்பா மின்னுது?"

"கம்ப்யூட்டருக்கு அப்டேட் வந்திருக்குண்ணே. இந்த வேலை முடியட்டும்னு விட்டு வச்சிருக்கேன்."

"விடலாமா அப்படி? போட்டுவிட்டா மெஷின் குதிர மாதிரி ஓடும்லா."

"இப்ப ஓடிக்கிட்டுத்தான இருக்கு. நீங்க கொஞ்சம் நகருங்க, காத்து வரல."

மகளை டியூஷனிலிருந்து கூட்டிவர சஃபீனா கீழே இறங்கினாள். திரும்பி வந்தபோது திரை முழுக்க நீலம். நடுவில் சதவீதம் ஏறிக்கொண்டிருந்தது. நாற்காலி காலியாக இருந்தது. மகேஷ்குமார் அதன் பின்னால்தான் நின்றார். ஆளில்லாத நாற்காலியிலும் உட்காராமல், அதன் மேல் குனிந்து எட்டி அமுக்கியிருக்கிறார். இனத்தின் ஒழுக்கம் அப்படி.

"நீ வாரதுக்குள்ள ஒரு வேலைய முடிச்சு வச்சிருக்கேன் பாரு" என்றார்.

கம்ப்யூட்டர் மறுபடி விழித்தது. எடிட்டிங் சாஃப்ட்வேரும் திறந்தது. கீழே துண்டுகள் வரிசையாக அப்படியே இருந்தன. மேலே படம் தெரிய வேண்டிய கட்டம் மட்டும் கறுப்பாக இருந்தது. ஓடவிட்டாள். நாதஸ்வரம் கேட்டது. படம் வரவில்லை. வேறொரு பிளேயரில் போட்டுப் பார்த்தாள். அதே நாதஸ்வரம், அதே கறுப்பு.

மகேஷ்குமார் 'ச்ச்' கொட்டினார். "இதுக்குத்தான் வேலை நேரத்துல அப்டேட் போடக் கூடாதுங்கது. நான் அப்பவே சொன்னேன்."

சஃபீனா நாற்காலியோடு திரும்பினாள். "அண்ணே, அல்லாவுக்குப் பொதுவா சொல்லுங்க. யாரு அமுக்குனது?"

"யாரு அமுக்குனா என்ன, இனி ஆக வேண்டியதப் பாப்போம்."

பார்த்தார்கள். ஆஃப் பண்ணி ஆன் பண்ணினார்கள். கேபிளைப் பிடுங்கி, ஊதி, சொருகினார்கள். மானிட்டரின் தலையில் மகேஷ்குமார் குழந்தையைத் தட்டுவதுபோல இரண்டு தட்டுத் தட்டினார். வாஷியில் இருக்கும் இன்னொரு அக்காவின் மகன் ஆதர்ஷுக்குப் போன் போனது; அவன் மீட்டிங்கில் இருந்தான். சஃபீனா தனக்குத் தெரிந்த வைத்தியங்களையும் செய்தாள்: அப்டேட் மாற்றி வைத்திருந்த டிஸ்ப்ளே டிரைவரை எடுத்துவிட்டுப் பழையதைப் போட்டாள், அது பாதியில் நின்றது, அப்டேட்டையே நீக்கப் பார்த்தாள், முடியாது என்றது, படத்துக்கான கார்டைத் தொடாமல் ஓடும்படி செட்டிங்கை மாற்றினாள், கறுப்பு கொஞ்சம் பச்சையானது.

அந்த நேரம் பார்த்து மகேஷ்குமாரின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். அய்யாத்துரை.

"மாப்ள, முடிஞ்சுதா?"

"முடிஞ்ச மாதிரிதான் அத்தான். ஃபைனல் டச் ஒண்ணு கெடக்கு."

"வீல்சேர முன்வரிசையில போடச் சொல்லியிருக்கேன். அந்தப் புள்ளகிட்ட சொல்லு, தாலி கட்டுறத மட்டும் கொஞ்சம் மெதுவா ஓடவிடணும். அன்னைக்கு ஒண்ணும் பாக்க முடியல. சுத்திக்கிட்டேல்லா இருந்துச்சு."

போன் அணைந்தது. சஃபீனா ஒரு சின்னத் துண்டை மட்டும் வெட்டி, தனி ஃபைலாக்கி, தன் போனுக்கு மாற்றி ஓடவிட்டாள். போனில் படம் வந்தது. வாழைமரம் பச்சையாகவும் பந்தல் மஞ்சளாகவும் பளிச்சென்று தெரிந்தன. ஆக, படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. காட்டத்தான் மாட்டேன் என்கிறது. மொத்தத்தையும் போனுக்கு மாற்றிப் பார்க்க நேரம் கிடையாது. அப்படியென்றால்?

பார்க்காமல் வெட்ட வேண்டியதுதான்.

சிரிக்காதீர்கள். நம் கல்யாணத்தைப் பார்க்கக் கண் எதற்கு? நடக்கிற வேகத்துக்கு நாதஸ்வரம் இழைந்தால் பெண் வருகிறாள். "அட்சத இங்க வரல, இங்க வரல" என்று பின்வரிசை கத்தினால் தாலித் தட்டு சுற்றி முடித்துவிட்டது. கெட்டிமேளமும் குலவையும் ஒன்றாக எழுந்தால் முடிச்சு விழுகிறது. உடனே நாற்காலிகள் தரையில் இழுபட்டால் பந்தி போட்டாயிற்று. இத்தனை வருடமாக இந்தத் தெருவின் கல்யாணங்களை வெட்டி ஒட்டிய சஃபீனாவுக்கு ஹெட்போன் போதும்.

ஆனால் அதற்கு அமைதி வேண்டும். நாற்காலிக்குப் பின்னால் நிற்பவரிடம் இல்லாத பொருள் உலகத்தில் அது ஒன்றுதான்.

"அண்ணே, நீங்க சொன்னதுதான் சரி" என்றாள் சஃபீனா. "கேபிள்தான். எட்டாம் நம்பர் கேபிள் வேணும். லாமிங்டன் ரோட்டுலதான் கெடைக்கும். கடைக்காரன் அப்படி ஒண்ணு கெடையாதும்பான், நம்பாதீங்க. நாலு கடை ஏறிப் பாருங்க."

அப்படி ஒரு கேபிள் இந்தப் பூமியில் கிடையாது. மகேஷ்குமாரின் முகத்தில் வந்த ஒளியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "நான் அப்பவே சொன்னேன்" என்று படியிறங்கிப் பறந்தார்.

சஃபீனா ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். கெட்டிமேளத்தைத் தேடிப் பிடித்தாள். அது இரண்டு கேமராவில் பதிவாகியிருந்தது. முதல் கேமராவில் மேளத்துக்கு மேல் ஒரு குரல்: "தம்பி, லைட்ட இந்தப் பக்கம் திருப்பு. இல்ல, அந்தப் பக்கம். ஜூம் போதும், ஜூம் போதும்." யார் குரல் என்று நான் சொல்ல வேண்டுமா? இரண்டாம் கேமராவில் மேளமும் குலவையும் மட்டும் இருந்தன. குரல் இருக்கும் இடத்தில் ஆள் இருப்பார். ஆள் இருக்கும் இடத்தில் நீட்டிய விரல் இருக்கும். முதல் கேமராவை அவள் அப்படியே வெட்டி எறிந்தாள். இரண்டாவதை எடுத்து, அப்பா கேட்டபடி மெதுவாக்கினாள். அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது. ஃபைல் தயாரானதும் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வடாலாவுக்கு ஓடினாள்.

மண்டப வாசலில் மகேஷ்குமார் வேர்த்து வழிய நின்றார். "எட்டாம் நம்பர் இல்லன்னுட்டான். ஒம்பது வாங்கியாந்தேன். பெரிசு சின்னதுக்கு ஆகும்லா?"

"ரொம்ப நல்லா ஆகும்ணே" என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

முன்வரிசையில் வீல்சேர். அதன் பின்னால், இரண்டு கைப்பிடிகளையும் பிடித்தபடி, வேறு யார்? "மெஷின் அவுட்டு அத்தான். லாமிங்டன் ரோடு பூரா ஏறி இறங்கி நான் கேபிள் கொண்டாந்தபெறகுதான் உசுரு வந்துச்சு" என்று காதோரம் சொல்லிக்கொண்டிருந்தார். அய்யாத்துரை கேட்கவில்லை. அவர் கண் திரையில் இருந்தது. சுவரோரம் நின்ற சஃபீனாவின் கண்ணும்தான்.

கெட்டிமேளம் எழுந்தது. திரை முழுக்க விஜயலட்சுமியின் முகம் வந்தது. மாப்பிள்ளையின் கைகள் அவள் கழுத்தைச் சுற்றி வந்தன. மெதுவாக, மிக மெதுவாக. முடிச்சு விழுவதற்கு முன் அவள் தலையை உயர்த்திப் பக்கவாட்டில் பார்த்தாள். அந்தப் பக்கம்தான் தாய்மாமன் நின்றிருக்க வேண்டும். "நான் இல்லாட்டி என்னம்மா, மாமா பக்கத்துல நிப்பான்" என்று கல்யாணத்துக்கு முந்தைய நாள் அப்பா போனில் சொல்லியிருந்தார். அங்கே யாரும் இல்லை. திரையின் ஓரத்தில் ஒரு பட்டுச் சட்டையின் முதுகு மட்டும், இன்னொரு கேமராக்காரன் மேல் கவிழ்ந்து, விரலை நீட்டிக்கொண்டிருந்தது. பெண்ணின் கண்கள் அந்த முதுகில் போய் நின்றன, காத்திருந்தன, தாழ்ந்தன. தாலி ஏறியது. எல்லாம் மெதுவாக்கியிருந்ததால், அந்த முதுகு கடைசிவரை திரும்பாமல் அங்கேயே நின்றது.

அய்யாத்துரையின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. "என்னயத் தேடுதா பாத்தியா மாப்ள?"

கைப்பிடியைப் பற்றியிருந்த கைகள் இறுகின. தன் அக்கா மகளின் கழுத்தில் தாலி ஏறுவதை மகேஷ்குமாரும் இப்போதுதான் முதல் முறையாகப் பார்க்கிறார். "ஆமா அத்தான்" என்றார். "ஒங்களத்தான்."

அதன்பிறகு அவர் பேசவில்லை. அட்சதை விழுந்து முடியும்வரை பேசவில்லை. சஃபீனாவுக்கே இரக்கம் வந்துவிட்டது. பக்கத்தில் போய் நின்றாள். மகேஷ்குமார் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார், மூக்கைத் துடைத்தார், திரையை நோக்கி விரலை நீட்டினார்.

"வெளிச்சம் கொஞ்சம் ஏத்தியிருக்கலாம் புள்ள."

நல்லது. நீங்களும் சிரித்துவிட்டு, "எங்க பெரியப்பா அப்படியே இவர்தான்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டலாம். ஆனால் ஒன்று கேட்கிறேன். திரை கறுத்துப்போனது என்று படித்தபோது, 'பக்கத்துக் கடை கம்ப்யூட்டர்ல மாட்டிப் பாத்திருக்கலாமே, இது கூடவா தெரியாது அந்தப் பெண்ணுக்கு?' என்று உங்கள் மனதுக்குள் ஒரு விரல் நீண்டதா இல்லையா? பொய் சொல்லாதீர்கள், நீங்கள் மூச்சு விடுவது என் காதோரம் கேட்கிறது. என் நாற்காலியிலிருந்து தயவுசெய்து கையை எடுங்கள்.