தம்பிதுரையும் பிஸ்கட்டுச் சத்தியமும்

அட, உக்காருங்கப்பா! யாரு அங்க குசுகுசுங்கறது? வாயை மூடுனாத்தான் காது தொறக்கும். பொள்ளாச்சி கொப்பரை யாவாரி தம்பிதுரைக்குத் தொண்ணூத்தஞ்சாம் வருசம் வந்த கேட்டைச் சொல்றேன்.

மனுசனுக்கு உசுரே சாயங்கால டீயும் பிஸ்கட்டும்தான். பொண்டாட்டி ஊருக்குப் போனாக்கூட ஒரு வாரம் ஓட்டிப்போடுவாரு. பிஸ்கட்டு இல்லீன்னா ஒரு நாள் தாங்காது.

அன்னைக்கு மத்தியானம் சோத்துல கைய வெச்சவரு துள்ளி எந்திரிச்சாரு.

"ஏ அம்மணி! இது நேத்து வெச்ச கோழிக்கொழம்புதானே?"

பொண்டாட்டி சுப்பாத்தாளுக்குப் பேச்சே கம்மி. அந்தம்மா வாயைத் தொறக்கறது நோம்பி, பண்டிகைன்னாத்தான். தலையை மட்டும் ஆட்டுச்சு.

"மறுக்காச் சுட வெச்சு ஏமாத்தறயா? கேட்டுக்க! ரெண்டு தடவை நெருப்பேறுன எதையும் இந்த வாயி தொடாது. சத்தியம்!"

சுப்பாத்தாள் நேரா உள்ள போயி, தட்டத்துல கற்பூரத்தைப் பத்த வெச்சு நீட்டுச்சு. ரோசக்காரரு, பொட்டுன்னு அடிச்சு அணைச்சுப்போட்டாரு. இனி மாறுனா குலசாமி சும்மா உடுமா?

சாயங்காலம் பக்கத்து ஊட்டு இங்கிலீசு வாத்தியாரு சீனிவாசலுவையும் டீக்குக் கூப்ட்டிருந்துச்சு சுப்பாத்தாள். தம்பிதுரை சத்தியத்தைப் பெருமையாச் சொல்லிப்போட்டு, பிஸ்கட்டை நனைச்சு வாயிகிட்டக் கொண்டுபோனாரு.

"ஐயய்யோ, நிறுத்துங்க!"

"ஏனுங்க, பல்லி உழுந்துருச்சா?"

"சத்தியம் உழுந்துருமுங்க! லத்தீன்ல 'பிஸ்'னா ரெண்டு தடவை. 'கோக்டுஸ்'னா வெந்தது. பிரெஞ்சுக்காரன் அதை ஒண்ணாச் சேத்தி இங்கிலீசுக்காரனுக்குக் குடுத்தான். அதுதானுங்க பிஸ்கட்டு! அந்தக் காலத்துல கப்பல்ல கெட்டுப்போகாம இருக்கோணும்னு ஒருக்காச் சுட்டு, மறுக்காச் சூட்டுல காய வெச்சாங்க."

தம்பிதுரை மூஞ்சி வெயில்ல கெடந்த கொப்பரையாட்டம் சுருங்கிப்போச்சு. நனைஞ்ச பிஸ்கட்டு தொப்புன்னு வேட்டியில உழுந்துச்சு.

"இத்தன வருசமா பழைய கொழம்பத்தான் டீயில தொட்டுத் தின்னனா? செரி, பிஸ்கட்டு கெடக்குதுங்க. ரஸ்க்கு?"

"அது இன்னைக்கும் ரெண்டு தடவைதானுங்க! ரொட்டியாச் சுட்டு, அறுத்து, மறுக்காச் சுடறாங்க."

"அடக் கருமமே!"

தலையில கைய வெச்சவரு, சடார்னு எந்திரிச்சாரு.

"இருங்க, இருங்க! நான் சத்தியம் பண்ணுனது தமிழ்ல. லத்தீனுக்கெல்லாம் அது செல்லாதுங்க!"



சுப்பாத்தாள் பிஸ்கட்டுத் தட்டத்தைத் தன்பக்கம் இழுத்து, ஒண்ணை நறுக்குன்னு கடிச்சுச்சு. மென்னு முழுங்கிப்போட்டு, அப்புறந்தான் வாயைத் தொறந்துச்சு.

"சாமிக்கு எல்லாப் பாசையும் தெரியுமுங்க."