ஆளுக்கு ஒரு முழம் தந்தி

மனிதகுலம் கண்டுபிடித்தவற்றுள் தலையாயது நெருப்பா, சக்கரமா என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். இரண்டும் இல்லை. பங்கீடுதான். நெருப்பு சுட்டுவிடும்; சக்கரம் உருண்டு ஓடிவிடும். பங்கீடு ஒன்றுதான் யாரையும் சுடாமல், எங்கும் ஓடாமல், மனிதனை நின்ற இடத்திலேயே நிற்க வைத்து, கூடவே அவனுக்கு முன்னால் நாலு பேரையும் பின்னால் நாற்பது பேரையும் துணைக்குத் தரும். இந்தப் பேருண்மை முழுப் பிரகாசத்தோடு வெளிப்பட்ட இடம் ராயபுரம். வருஷம், யுத்தம் முடிந்த மறுவருஷம். வெளிப்படுத்தியவர் திரு. வேதமாணிக்கம். அவருக்குக் கருவியாக அமைந்தது டபுள் பாஸ் என்னும் வாத்தியம்.

டபுள் பாஸைப் பார்க்காதவர்கள் இப்படி நினைத்துக்கொள்ளலாம்: ஒரு பிடில் கல்யாணமாகிப் பத்து வருஷம் மாமியார் வீட்டிலேயே சாப்பிட்டால் என்ன உடம்பு வைக்குமோ, அந்த உடம்பு. ஆள் உயரத்துக்கு மேல். நாலே நாலு தந்தி. நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும். துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதி ஓய்ந்த பிறகும் வயிற்றுக்குள் ஒரு அதிர்வு மிச்சமிருக்குமே, அதுதான் அதன் நாதம்.

ஸ்டானிஸ்லாஸ் பகலில் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் குமாஸ்தா. சாயங்காலத்தில் பாஸ்கர் மாஸ்டரின் பேண்டு கோஷ்டியில் டபுள் பாஸ். வாத்தியத்தை உறை போட்டு ரிக்‌ஷாவில் சாய்த்து ஏற்றும்போதெல்லாம் ரிக்‌ஷாக்காரர் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

"மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கா, நைனா?"

"டான்ஸுக்குப்பா."

"சர்தான். செத்தவுரு இன்னா ஆசப்பட்டாரோ."

ஸ்டானிஸ்லாஸுக்கு உலகத்தில் மூன்று நம்பிக்கைகள் உண்டு: கர்த்தர், மனைவி சுகிர்தம், கரடி மார்க் தந்தி. முதல் இரண்டிலும் எப்போதாவது சந்தேகம் வந்ததுண்டு. கரடி மார்க் ஜெர்மனியில் செய்தது. ஆட்டுக் குடல் நரம்பை முறுக்கி, அதன்மேல் செம்புக் கம்பி சுற்றி, உறைமேல் ஒரு கரடி. கரடி கையில் குட்டி டபுள் பாஸ். யுத்தத்தில் ஜெர்மனிக்கு எத்தனையோ நஷ்டம். பேப்பரை விரித்ததும் ஸ்டானிஸ்லாஸ் தேடியது ஒன்றே ஒன்றைத்தான்: கரடி பிழைத்ததா? பிழைக்கவில்லை. நவம்பர் மாதம் ஒரு கல்யாண வீட்டில், மாப்பிள்ளை மோதிரம் மாற்றும் நேரம் பார்த்து, வாத்தியத்தின் தடித்த தந்தி 'டொம்' என்று உயிரை விட்டது. பெண்வீட்டார் பட்டாசு என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

ஸ்டானிஸ்லாஸ் சும்மா இருக்கவில்லை. காசிமேட்டில் சுறா பிடிக்கும் தூண்டில் கயிறு வாங்கிக் கட்டினார். நாதம் சுமாராக வந்தது. வாசனை பிரமாதமாக வந்தது. அடுத்த கச்சேரியில் முதல் வரிசை முழுக்கப் பூனைகள். பிறகு வியாசர்பாடியில் பஞ்சு கொட்டுபவரின் வில்லிலிருந்து நரம்பு. அது அரை பாட்டுக்கு அருமையாகப் பேசியது. மீதி அரைக்கு உப்புக் காற்று பட்டுத் தளர்ந்து, துணி காயப் போடும் கொடியாகிவிட்டது.

பாஸ்கர் மாஸ்டர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"தோ பாரு ஸ்டானி. கிறிஸ்மஸ் கச்சேரி வருது. அன்னிக்கு எவன் எந்த எடத்துல நிக்கிறானோ, அதான் வருஷம் பூரா அவன் எடம். நம்ம கோஷ்டி வழக்கம் உனுக்குத் தெரியும்."

"தெரியும் மாஸ்டர்."

"எண்ணூர்லேர்ந்து ராசையான்னு ஒர்த்தன் வந்துகீறான். ட்யூபா ஊதறான். அதே 'பொம் பொம்'தான். தந்தியே கெடையாது. மூச்சு இருந்தா போதும். மூச்சுக்குத் தட்டுப்பாடு இல்ல."

"அப்போ நானு?"

"பித்தளத் தட்டு ரெண்டு சும்மா கீது. தட்டிக்கினு இரேன்."

பதினோரு வருஷம் டபுள் பாஸ் வாசித்த மனிதரை வருஷம் முழுக்கத் தட்டுத் தட்டச் சொன்னால் எப்படி இருக்கும்? ஸ்டானிஸ்லாஸ் நேரே சங்கத்துக்குப் போனார்.

'வட சென்னை டபுள் பாஸ் வாசிப்போர் தந்தி நலச் சங்கம்' யுத்தத்தின் நடுவில் உதித்தது. மொத்த உறுப்பினர் நாலு பேர். அதாவது வட சென்னையில் டபுள் பாஸ் வாசிக்கும் ஜனத்தொகையில் நூற்றுக்கு நூறு. தலைவர் வேதமாணிக்கம் எந்த வாத்தியமும் வாசிக்கமாட்டார். அதனால்தான் தலைவர், நடுநிலை கெடாது. உணவுப் பங்கீட்டு உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அரிசி எல்லாருக்கும் சமமாகக் கிடைக்காமல் செய்த சாதனைக்காக மாலை போட்டு அனுப்பப்பட்டவர்.

சங்கம் கூடும் இடம் தலைவரின் மைத்துனருடைய மிளகாய் மண்டி மாடி. கீழே வற்றல் கொட்டும்போது மேலே எல்லாரும் தும்முவார்கள். பேச்சு நின்று நின்று போனதால், சபையின் நேரத்தை மிச்சப்படுத்தத் தலைவர் ஒரு மரபை ஏற்படுத்தியிருந்தார்: தும்மினால் ஆமோதித்ததாகக் கொள்ளப்படும். அதன்பிறகு எந்தத் தீர்மானமும் தோற்றதில்லை.

சங்கத்தின் முதல் விதியை எழுதியவரே ஸ்டானிஸ்லாஸ்தான். "எந்த உறுப்பினர் கைக்குத் தந்தி வந்தாலும் அது பொதுச் சொத்து, தலைவர் பங்கிடுவார்." உறுப்பினர் லோகநாதனின் மச்சான் கப்பலில் சமையற்காரர், லண்டன் வரை போய்வருபவர். லோகநாதனுக்கு இரகசியமாகத் தந்தி வந்துவிடுமோ என்ற சமூகக் கவலையில் எழுதிய விதி அது. கூட்டம் தொடங்கும்போதெல்லாம் தலைவர் அதை உரக்க வாசிப்பார். ஸ்டானிஸ்லாஸ் தலை குனிந்துகொண்டு கேட்பார், புதுப்பெண் மாதிரி.

மச்சான் கப்பலிலிருந்து கடைசிவரை எதுவும் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது துறைமுகக் கிடங்கில் கேட்பாரற்ற சரக்கு ஏலம் போனது. யுத்தத்துக்கு முன்னால் வந்திறங்கி, ஆள் வராமல் கிடந்த சாமான்கள். துருப்பிடித்த தையல் ஊசிப் பெட்டிகளுக்குக் கீழே ஒரு தகர டப்பா. மூடியில் கரடி.

ஸ்டானிஸ்லாஸ் ஏலத்தில் எடுத்தார். வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு திறந்தார். ஒரு செட், நாலு தந்தி, புத்தம் புதுசு. தடித்த தந்தி பாம்பு மாதிரி சுருண்டு பளபளத்தது.

"கட்டுய்யா சீக்கிரம்" என்றாள் சுகிர்தம்.

"சங்கத்துக்குச் சொல்லணும்."

"இன்னாத்துக்கு?"

"விதி கீது."

"யாரு எய்துன விதி?"

"நான்தான்."

"அப்ப நீயே கிழிச்சிப் போடு. ஊரான் எய்துனதா இருந்தா பயப்படலாம்."

"நான் எய்துனத நானே மீறுனா நாளைக்கு எவன் மதிப்பான்? எனக்கு வேண்டியது தடிச்ச தந்தி ஒண்ணுதான். மீதி மூணையும் அவுங்க எடுத்துக்கட்டும். தலைவரு நியாயஸ்தரு."

சுகிர்தம் டப்பாவைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். "கரடிக்கு இருக்கிற மூள கூட இல்லியே உனுக்கு" என்று சொல்லிவிட்டு உலையைக் கவனிக்கப் போனாள். படிப்பு வாசனை இல்லாதவர்களுக்குப் பொதுவாழ்வின் உயரம் தெரிவதில்லை.

மறுநாள் அவசரக் கூட்டம். டப்பாவை மேஜைமேல் வைத்துத் தலைவர் மாலை போட்டார், டப்பாவுக்கு. முதல் விதி வாசிக்கப்பட்டது. பிறகு விவாதம்.

"எனக்குத் தடிச்ச தந்தி போதும் தலைவரே" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

"எனக்கும் அதான் வேணும்" என்றார் லோகநாதன். மற்ற இரண்டு பேரும் அதையே சொன்னார்கள். நாலு வாத்தியத்திலும் அறுந்தது தடித்த தந்திதான். அடி வாங்குவது அதுதானே.

"மச்சான் கப்பல்ல வாங்கியாற சொல்லேன்" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

"மச்சானா? போன தபா கேட்டேன். பன்னி எறச்சி டப்பா ஒண்ணு குட்த்தான். அத்த வாத்தியத்துல கட்ட முடியுமா, மாமு?"

தலைவர் கையை உயர்த்தினார். "சண்டை வேண்டாம்வே. யுத்தகாலம் முழுக்கப் பங்கிட்டவன் நான். ஒருத்தருக்குத் தடித்தது, ஒருத்தருக்கு மெல்லியது என்று கொடுத்தால் அது பாரபட்சம். ஒவ்வொரு தந்தியையும் நாலு சம துண்டாக்குவோம். ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒவ்வொரு தந்தியிலும் ஒரு முழம். ஆக, ஆளுக்கு நாலு தந்தி. முழு செட்."

உறுப்பினர்கள் கையை நீட்டி ஒரு முழம் அளந்து பார்த்தார்கள்.

"முழம் தந்திய வெச்சி இன்னா தலைவரே செய்யறது?" என்றார் லோகநாதன்.

"கோதுமை மூட்டை ஒன்று வந்தது. தெருவில் நூறு வீடு. மூட்டையை அப்படியேவா ஒரு வீட்டில் தூக்கிப் போட்டேன்?"

"கோதும வேற, தந்தி வேறங்க."

"தட்டுப்பாடு ஒன்றுதானே?"

லோகநாதன் உட்கார்ந்தார். இந்த வாதத்தை இன்றைக்கும் யாரும் வென்றதில்லை.

ஸ்டானிஸ்லாஸ் எழுந்தார். தன் பதினோரு வருஷத்தையும் ட்யூபாக்காரனையும் பித்தளைத் தட்டையும் மனதில் நிறுத்தி, வாழ்க்கையிலேயே மிக முக்கியமான வாக்கியத்தைத் தொடங்கினார். "தலைவரே, இந்தத் தீர்மானத்த நான் உயிர் போனாலும்..."

கீழே லாரியிலிருந்து குண்டூர் வற்றல் இறங்கியது.

ஸ்டானிஸ்லாஸ் தும்மினார். ஒரு முறை அல்ல, அடுக்கடுக்காக.

"ஸ்டானிஸ்லாஸ் பலமாக ஆமோதிக்கிறார்" என்றார் தலைவர். "தந்தி கொண்டுவந்தவரே ஆமோதித்தபின் மறுப்பு ஏது?" கத்தரிக்கோல் செம்புக் கம்பியில் வழுக்கியது. மண்டியில் தகரம் வெட்டும் கத்தரியை வரவழைத்து, நூல் பிடித்து அளந்து, ஒரு மயிரிழை பிசகாமல் தலைவரே வெட்டினார். அத்தனை நேர்மையான வெட்டை ராயபுரம் அதற்கு முன் கண்டதில்லை. கரடி டப்பா யாருக்கு என்பதில் தகராறு வரலாம் என்பதால் அதைத் தலைவரே வெற்றிலை போட எடுத்துக்கொண்டார்.

கிறிஸ்துமஸ் கச்சேரியில் டபுள் பாஸ் நிற்கும் இடத்தில் ராசையா ட்யூபாவோடு நின்றார். ஸ்டானிஸ்லாஸ் பின்வரிசையில் தட்டோடு. ராசையா நல்ல மனிதர். திரும்பிப் பார்த்து, "கோச்சிக்காதண்ணே" என்றார்.

"நீ இன்னா பண்ணுவ? நானே ஆமோதிச்சுட்டேன்" என்றார் ஸ்டானிஸ்லாஸ். பிறகு தட்டை ஓங்கி ஒரு அடி அடித்தார். அது பாட்டில் இல்லாத அடி.

லோகநாதன் முதலிய மற்ற மூவரும் அவரவர் கோஷ்டியில் இடம் இழந்தார்கள். சங்கத்தின் ஆண்டறிக்கை பெருமிதத்தோடு சொன்னது: "உறுப்பினர்களிடையே இப்போது பொறாமை அறவே ஒழிந்தது."

இந்தப் புகழ் வீணாகவில்லை. இரும்புக் குழாய்க்குத் தட்டுப்பாடு வந்தபோது, பேட்டைக் குடிநீர்க் குழாய்க் குழுவுக்கு வேதமாணிக்கத்தைத் தவிர வேறு பெயரை யாரும் நினைக்கவில்லை. திறப்பு விழாவுக்குப் பாஸ்கர் மாஸ்டர் கோஷ்டிதான். ராசையா 'பொம்' என்றார். ஸ்டானிஸ்லாஸ் 'ஜங்' என்றார். தலைவர் குழாயைத் திருகினார். காற்றுகூட வரவில்லை.

சுகிர்தம் குடத்தோடு முன்னால் வந்து, குழாயின் மறுமுனையைப் பார்த்தாள். மறுமுனை கொஞ்ச தூரத்திலேயே மண்ணில் முடிந்துபோயிருந்தது.

"இன்னா தலைவரே, இது எங்கயும் போய்ச் சேரலியே?"

"சேராதும்மா. வந்த குழாயைத் தெருவுக்குத் தெரு சமமாக வெட்டியிருக்கிறோம். பக்கத்துத் தெருவில் போய்க் கேட்டுப்பார். அங்கேயும் சொட்டு வராது. ஒரு தெருவுக்கு வந்து ஒரு தெருவுக்கு வராவிட்டால் அல்லவா அநியாயம்?"

கூட்டம் கைதட்டியது. ஸ்டானிஸ்லாஸ் தட்டியாக வேண்டிய இடம் அது, தட்டினார். அடித்து அடித்துத் தொண்டை வறண்டு, குடிக்க ஒரு வாய் தண்ணீர் கேட்டார். விழாப் பந்தலில் இல்லை. தலைவர் வீட்டில் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்று உண்டு. அதைப் பற்றி ராசையா மெல்ல விசாரித்தார்.

"அது பங்கீட்டில் வராதுவே" என்றார் வேதமாணிக்கம். "பங்கீடு தட்டுப்பாடான பொருளுக்குத்தான். என் கிணற்றில் ஏது தட்டுப்பாடு?"