அமலியின் கதவும் கரிச்சான் வக்கீலும்

ஒரு காட்டில், இருட்டிய பிறகு ஒரே ஒரு கதவில் மட்டும் சத்தம் கேட்டது. கர்ரக்... கர்ரக்... காய்ந்த தேங்காயை யாரோ அவசரமில்லாமல் துருவுவதுபோல. காடு முழுவதும் அதைக் கேட்டது. கேட்டுவிட்டுப் புரண்டு படுத்துக்கொண்டது.

அந்தக் கதவுக்குப் பின்னால் அமலி என்ற வெள்ளெலி, கண் திறக்காத குட்டிகளோடு இருந்தாள். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. சந்தையில் வாங்கியது மூலையில் கிடந்தது. மரங்கொத்தி வந்துதான் பொருத்த வேண்டும், அவரோ 'நாளைக்கு' என்பதை விடவே மாட்டேன் என்றார். அதனால் அமலி தன் முதுகையே கதவுக்கு முட்டுக் கொடுத்து, உட்கார்ந்தபடி பால் கொடுத்தாள். வெளியே பிராண்டியது பிரகாசம் என்ற காட்டுப்பூனை.

அமலி, வெள்ளைக் கொக்குகள் நடத்தும் பள்ளியில் படித்தவள். வரிசையில் நிற்கவும், எதற்கும் நன்றி சொல்லவும், குறை இருந்தால் உரிய இடத்தில் முறையிடவும் அங்கே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கடிக்கச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆகவே அவள் வக்கீலைத் தேடிப் போனாள்.

அத்திமரப் பொந்தில் கரிச்சான் குருவி அப்போதுதான் புது அலுவலகம் திறந்திருந்தார். கறுப்பு அங்கி பிறவியிலேயே இருந்தது, பின்னால் பிளந்த வால் உட்பட. மிச்சமான காசையெல்லாம் கருவிகளில் போட்டுவிட்டார். மனு எழுத ஒன்று, தேதி நினைவூட்ட ஒன்று, கட்சிக்காரர் அழுதால் 'புரிகிறது' என்று சொல்ல ஒன்று. இரவும் பகலும் திறந்திருக்கிறோம் என்று காட்டுவதற்காகப் பொந்தின் கதவைக் கழற்றி, அதிலேயே பெயர்ப்பலகை எழுதி மாட்டியிருந்தார்.

"ஆமை வக்கீலைப் பாருங்க மேடம். ஒரு வாய்தாவுக்குக் கிளம்பினார்னா அடுத்த வாய்தாவுக்குத்தான் போய்ச் சேருவார். நம்மகிட்ட எல்லாமே கருவியில ஒரு தட்டுதான்."

"சார், அந்தப் பூனை அண்ணன் வராம இருந்தா எனக்குப் போதும். குட்டிங்க சின்னது."

"புரிகிறது," என்றது கருவி.

மனுவில் அமலியின் முகவரி கேட்ட கட்டத்தில் கருவி தானாகவே 'அத்திமரப் பொந்து' என்று நிரப்பிக்கொண்டது. அமலி திருத்தப் போனாள்.

"விட்டுடுங்க மேடம். வழக்கு முடியற வரைக்கும் வக்கீல் முகவரிதான் உங்க முகவரி. எது வந்தாலும் முதல்ல என் வாசலுக்குத்தான் வரணும்."

அதைக் கேட்டதும் அவளுக்குப் பாதி பயம் போயிற்று.

விசாரணை காணொளியில் நடந்தது. நீதிபதி யானை. திரையில் அவருடைய ஒரு காது மட்டும்தான் அடங்கியது. கரிச்சான் மூச்சு விடாமல் வாதாடினார். முடித்த பிறகுதான், அவருடைய மைக் அணைந்தே இருந்தது என்று யாரோ சொன்னார்கள். காது ஒருமுறை ஆடியது. "மறு உத்தரவு வரும் வரை, மனுதாரர் வாசலில் தற்போதைய நிலையே நீடிக்க வேண்டும். இரு தரப்பும் எதையும் மாற்றக் கூடாது."

"முதல் வாய்தாவிலேயே ஆர்டர் மேடம். ஐந்து நட்சத்திரம் போட்டுடுங்க," என்றார் கரிச்சான். அமலி போட்டாள். நன்றியும் எழுதினாள்.

அன்றைக்கும் இருட்டியதும் கர்ரக் கர்ரக்.

"அண்ணே, ஆர்டர் வந்திருக்கே," என்றாள் அமலி, கதவுக்கு இந்தப் பக்கமிருந்து.

"அதனாலதான் தங்கச்சி வந்தேன்," என்றது பூனை. "தற்போதைய நிலைன்னா என்ன? நான் தினமும் பிராண்டுறதுதானே. நேத்து வரைக்கும் ஆசைக்கு வந்தேன். இனிமே கடமை. காய்ச்சல் அடிச்சாக்கூட லீவு போட முடியாது பாரு."

மறுநாள் பார்த்து மரங்கொத்தி வந்து நின்றார். எதற்கும் கேட்டுவிடலாம் என்று அமலி கைபேசியில் வக்கீலின் கருவியிடம் கேட்டாள்.

"முதுகு கொடுப்பது தற்போதைய நிலை. தாழ்ப்பாள் பொருத்துவது நிலையை மாற்றுவது. நீதிமன்ற அவமதிப்பு ஆகும்."

"அவர் பிராண்டிப் பிராண்டிக் கதவு தேயுதே?"

"அது தேய்மானம். புரிகிறது. வேறு உதவி வேண்டுமா?"

மரங்கொத்தி அலகைத் துடைத்துக்கொண்டார். "கேஸ் நடக்கிற கதவுல நான் ஆணி அடிக்க மாட்டேம்மா. நானும் பிள்ளைகுட்டிக்காரன்."

கதவு அப்பளம் போல ஆயிற்று. ஓர் இரவு, ஒரு நகம் உள்ளே வந்து கடைக்குட்டியின் காதைத் தொட்டது. குட்டி அதை அம்மா என்று நினைத்து, வாயைத் திறந்துகொண்டு அதைத் தேடியது.

அமலி குட்டியை இழுத்துக்கொண்டாள். குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டு, "அண்ணே, ஒரு சந்தேகம். ஆர்டர்ல யாரு வாசல்னு போட்டிருக்கு?" என்றாள்.

"மனுதாரர் வாசல்."

"மனுதாரர் முகவரி எதுன்னு போட்டிருக்கு?"

நகம் வெளியே போயிற்று. பூனை தன் கைபேசியைத் தடவும் சத்தம் கேட்டது.

"அத்திமரப் பொந்துன்னுல்ல போட்டிருக்கு. அப்போ இத்தனை நாளா தப்பான வாசல்லயா கடமை பண்ணிட்டேன்?"

"நானும் கவனிக்கலண்ணே. யானை ஐயாவுக்குத் தெரிஞ்சா என்ன சொல்வாரோ."

"சொல்லித் தொலைக்காத தங்கச்சி. விடியப்போகுது. நாளைலேருந்து அங்க போயிடறேன்."

காலையில் மரங்கொத்தியிடம், இந்தக் கதவு கேஸில் இல்லை என்று சொன்னாள் அமலி. அவர் ஆணி அடித்தார். தாழ்ப்பாள் பொருத்தியாயிற்று; அதைப் போடத்தான் அவளுக்குக் கை வரவில்லை. அவமதிப்பு ஆகிவிட்டால்? பழக்கப்படி முதுகைக் கொடுத்தே உட்கார்ந்தாள்.

இருட்டியதும் அத்திமரத்தில் சத்தம் ஆரம்பித்தது. அங்கே பிராண்டக் கதவு ஏது? ஆகவே பூனை உள்ளே போய்ப் பிராண்டியது. ஒரு கருவி 'புரிகிறது, புரிகிறது' என்று சொல்லிக்கொண்டே இருந்து, நின்றுபோனது.

சற்று நேரத்தில் அமலியின் கதவை அலகால் யாரோ தட்டினார்கள்.

"மேடம், நான்தான், உங்க வக்கீல். உள்ள விடுங்க. வால்ல ஒரு பக்கம் போயிடுச்சு. பின்னாலயே வர்றான்."

அமலி மடியைப் பார்த்தாள். கடைக்குட்டி அன்றைக்குத்தான் ஒரு கண்ணைத் திறந்திருந்தது.

"சார், நீங்க உங்க வாசல்ல இல்லாம இங்க இருந்தா, அது நிலையை மாத்தினதா ஆயிடாதா?"

"மேடம், ப்ளீஸ்."

"புரிகிறது," என்றாள் அமலி. "உங்க வழக்கு எங்களுக்கு ரொம்ப முக்கியம் சார். வரிசையில இருங்க. நன்றி."

பிறகு கதவிலிருந்து முதுகை எடுத்து, உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.

நீதி: வக்கீல் நம் பக்கம் நின்றால் மட்டும் போதாது, நமக்கும் பூனைக்கும் நடுவில், கதவில்லாத இடமாகப் பார்த்துக் குடியிருக்க வேண்டும்.