முழு வரி கட்டிய ஐயாதுரை

"குறைச்ச வரி எனக்கு வேண்டாம். முழுசாவே கட்டிருதேன்" என்றான் ஐயாதுரை.

வரி ஆபீஸ் கிளார்க் சண்முகத்தாய் நிமிர்ந்து பார்த்தாள். "சலுகையை வேண்டாங்கதுக்கு கம்ப்யூட்டர்ல வழியில்லண்ணே."

வீட்டு வரியை அரசு குறைத்ததில் இராஜபாளையமே குளிர்ந்து கிடந்தது. ஐயாதுரைக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. வரி குறைந்தால் அதில் கல்விக்குப் போகும் பங்கும் குறையும். அவன் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் சிவரஞ்சனிக்கு அதிலிருந்துதான் சம்பளம். குறைந்ததை அரசே ஈடுகட்டும் என்றார்கள். எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை.

டீச்சர் செவ்வாயும் வெள்ளியும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். பேண்டேஜ் கம்பெனி மெக்கானிக்கான ஐயாதுரை அந்த இரண்டு நாளும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவான். சுவருக்கு அந்தப்பக்கம் அவள் பாட, இந்தப்பக்கம் சோறு ஆறும். கல்யாணமாகாத நாற்பது வயதுக்காரன். ஆறு வருடமாக அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தக் குரல் இல்லாத செவ்வாய்க்கிழமையை நினைத்தாலே அவனுக்கு அழுகை வந்தது.

"கடைன்னா சலுகை கிடையாது" என்றாள் சண்முகத்தாய், ஆளை அனுப்பினால் போதுமென்று.

மறுநாளே அவன் வீட்டு வாசலில் 'ஐயாதுரை பேண்டேஜ் ஸ்டோர்' என்று போர்டு தொங்கியது.

பார்க்க வந்த அதிகாரி, "சரக்கு எங்க?" என்றார். நாலு பெட்டி வாங்கி அடுக்கினான். கடை என்று ஆனதும் கரண்ட் பில் எகிறியது. பக்கத்து வீட்டுப் பேச்சிமுத்து தன் மாட்டையே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"கால்ல காயம். ஒரு கட்டுப் போட்டுவிடுப்பா."

"இது மனுசங்களுக்குல்லா?"

"மாட்டுக்குத் தெரியவா போகுது?"

ஐயாதுரை கட்டுப் போட்டான். மாடு உதைத்தது. அடுத்த கட்டு ஐயாதுரையின் முட்டிக்கு.

வெள்ளிக்கிழமை நொண்டிக்கொண்டே போய் முழு வரியையும் கட்டினான். ரசீதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தான். சுவருக்கு அந்தப்பக்கம் சத்தமே இல்லை.

எழுந்து பள்ளிக்கூட வாசலுக்குப் போனான். சிவரஞ்சனி சுருதிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தாள்.

"இன்னைக்குப் பாட்டு இல்லையா டீச்சர்?"

"வேலையே இல்லன்னுட்டாங்க சார்."

"அதெப்படி? உங்களுக்காகத்தான் நான் முழு வரி கட்டியிருக்கேன்" என்று ரசீதை நீட்டினான்.

அவள் வாங்கிப் படித்தாள்.

"வார்டுல ஐந்நூறு வீடு சலுகை வாங்குனாத்தான் எங்க சம்பளத்தை சர்க்கார் ஏத்துக்கிடுமாம், ஒரு வீடு குறையுதுன்னு ரெண்டு நாளாத் தேடுதோம், அது நீங்கதானா சார்?"