மேனேஜர் வீட்டுப் பரு

மேனேஜர் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தார். பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத மகளின் கன்னம் இரண்டிலும் சிவப்புச் சிவப்பாகப் பொரிகள் கிளம்பியிருந்தன.

வேறு வீடாக இருந்தால் பரவாயில்லை. இவரோ குழந்தைகளுக்கான கிரீம் விற்கும் கம்பெனியின் சேல்ஸ் மேனேஜர். "குழந்தையின் சருமம் ஒரு தேசியப் பொறுப்பு" என்று மேடைதோறும் முழங்குகிற வாய். போதாக்குறைக்கு, அன்று மாலை முதலாளி குழந்தை பார்க்க வருவதாக இருந்தார்.

மனைவி அலட்டிக்கொள்ளவில்லை. காலையிலேயே டாக்டரம்மாவிடம் காட்டிவிட்டு வந்திருந்தாள். பச்சைக்குழந்தைக்கு வருகிற பருதானாம். வெறும் தண்ணீரில் துடைத்தால் போதும், கிள்ளக் கூடாது, எதையும் பூசக் கூடாது, சில வாரங்களில் தானே அடங்கிவிடும். காய்ச்சலோ சீழோ வந்தால் மட்டும் உடனே தூக்கிக்கொண்டு வரச் சொன்னாராம்.

"ஒண்ணும் செய்யாம இருக்கறதுக்குப் பேர் வைத்தியமா?" என்றார் மேனேஜர்.

அவள் குளிக்கப் போனதுதான் தாமதம், கம்பெனி டப்பாவைத் திறந்து பட்டும் படாமலும் தடவினார். சிவப்பு கூடியது. இன்னும் கொஞ்சம் அப்பினார். கன்னம் வாணலி மாதிரி பளபளத்தது. பளபளப்பை அமுக்கப் பவுடரை ஒற்றினார். அது கிரீமோடு குழைந்து, காய்ந்து, பழைய சுவர் மாதிரி வெடித்தது. குழந்தை வீறிட்டது.

ஈரத்தலையோடு ஓடிவந்தாள் மனைவி. "என்னத்தைப் பூசித் தொலைச்சீங்க?"

மேனேஜர் ஓடிப்போய்க் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்தார். அவள் துணியை நனைத்து நனைத்துத் துடைக்க, அவர் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். தழும்பு நின்றுவிடுமோ? கண்ணுக்குள் போயிருக்குமோ? வேலை போனால் போகிறது, இந்த முகம் தெளிந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டார்.

அழைப்பு மணி அடித்தது.

முதலாளி ரிப்பன் கட்டிய பெரிய பெட்டியோடு வந்தார். உள்ளே கம்பெனி கிரீம்தான், வேறென்ன. தொட்டிலுக்குமேல் குனிந்தவர் குனிந்தபடியே நின்றார்.

"சார், என் தப்புதான். பரு வந்தது, சும்மா விடாம நம்ம கிரீமை..." மேனேஜர் டப்பாவை எடுத்துக் காட்டினார்.

முதலாளியின் முகம் வெளுத்தது. பெட்டியை மெல்லத் தன் முதுகுக்குப் பின்னால் நகர்த்தினார். மேனேஜரின் காதருகே வந்து, குரலே எழாமல் கேட்டார்:

"நம்ம கிரீமையா போட்டீங்க? சொந்தக் குழந்தைக்கா?"