விழவே இல்லை என்று அக்கா எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். நலம் என்ற சொல்லை இந்தத் தடவை கொஞ்சம் அழுத்திப் படிக்கவும். நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் அந்தப் பத்தாவது மாடியில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம்.

"இன்னொரு தடவ விழுந்தா பேச்சே கிடையாது, வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்" என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் விழவில்லை. மருந்துக்கடைக்காரர் உனக்குப் போன் போட்டு ஏதோ உளறினாராம். மாத்திரையையே மாற்றிக் கொடுக்கிற மனுஷன், அவர் பேச்சும் ஒரு பேச்சா?

நடந்தது இதுதான். வயதானவர்கள் கடைசிவரை அவரவர் வீட்டிலேயே இருக்கிற மாதிரி தெருவைத் திருத்தப் போகிறோம் என்று மாநகராட்சியிலிருந்து ஒரு பெண் வந்தாள், நகரத்துக்குத் திட்டம் போடுகிற உத்தியோகமாம், நல்ல பெண்தான், வீடு வீடாகப் போய், கடைக்குப் போகிற வழியில் எங்கே மூச்சு வாங்குகிறது, எங்கே உட்கார வேண்டும்போல் இருக்கிறது என்று கேட்டாள். காலமெல்லாம் வார்டில் அடுத்தவர்களை எழுப்பி நடக்க வைத்த நர்ஸ் நான், எனக்கு மூச்சு வாங்குகிறது என்று ஒரு சின்னப் பெண்ணிடம் வாயைத் திறப்பேனா? எனக்கு ஒரு குறையும் இல்லை, எதிர்வீட்டு லாரிக்காரர்தான் பாவம், சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார், அவர் வாசலில் ஒரு பெஞ்சு போட்டுக் கொடும்மா என்றேன். பரிதாபப்பட்டுத்தான் சொன்னேன். அந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? தான் கல்லு மாதிரி இருப்பதாகவும், எதிர்வீட்டு நர்சம்மாதான் தள்ளாடுவதாகவும் சொல்லி என் வாசலுக்குப் பெஞ்சு கேட்டிருக்கிறார்! தெரு முழுக்க இதே கூத்து. ஆளாளுக்கு எதிர்வீட்டைக் கைகாட்டியதில் கடைசியில் எல்லார் வாசலிலும் பெஞ்சு. ஆனால் உட்காரத்தான் ஆளில்லை. உட்கார்ந்தால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே.

முதலில் லாரிக்காரர்தான் உட்கார்ந்தார், பெஞ்சு ஆடுகிறதா என்று பார்க்கிறாராம். நான் மட்டும் இளைத்தவளா, என் பெஞ்சை நானும் பார்த்தேன். அன்றிலிருந்து காலையும் மாலையும் பெஞ்சு ஆடுகிறதா என்று பார்ப்பதே எங்கள் இரண்டு பேருக்கும் வேலை. நடைபாதையைச் சரிவாக்கிக் கைப்பிடிக் கம்பி வைத்தார்கள், தெருமுனையில் நாங்கள் ரோட்டைக் கடந்து முடிக்கிற வரை பச்சை விளக்கை நின்று நிதானமாக எரிய விட்டார்கள், எல்லாம் சரி. ஆனால் நான் சரிவில் இறங்கும்போதெல்லாம் அந்த மனுஷன் எதிரே உட்கார்ந்துகொண்டு, "லெஃப்ட்ல ஒடிங்க, அப்படியே வரட்டும், வரட்டும்" என்று லாரிக்குச் சொல்கிற மாதிரி சொன்னால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? அந்த எரிச்சலில் கம்பியை விட்டுவிட்டு அவரை முறைத்தேன். முறைத்த வேகத்தில் உட்கார்ந்துவிட்டேன். விழுவது வேற, உக்கார்றது வேற தம்பி. பெஞ்சு வரைக்கும் போகாம வழியிலயே உக்காந்தேன், அவ்வளவுதான். கையை முன்னாடி கொஞ்சம் ஊன்றினேன். அதற்கு அவர் ஊரைக் கூட்டி, மருந்துக்கடைக்காரரும் ஓடி வந்து, விஷயம் உன் காது வரை வந்துவிட்டது.

உன் வீட்டில் எனக்கு என்ன குறை வைப்பாய்? ஒன்றும் வைக்கமாட்டாய். உன் மனைவி தண்ணீரைக்கூடக் கையில் கொண்டுவந்து கொடுப்பாள். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. இங்கே என் தண்ணீரை நானே மொண்டு குடிக்கிறேன், என் கதவை நானே பூட்டுகிறேன். எனக்கு என் வீடு வேண்டும்டா.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள், உன் மனைவிக்கு அன்பு, அடிக்கடி நின்றுபோகிற உங்கள் லிஃப்ட்டையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
விழாத உன் அக்கா

பின்குறிப்பு: கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று யோசிக்காதே. வலது கையில் கட்டு, சும்மா ஒரு பாதுகாப்புக்கு. நான் சொல்லச் சொல்ல லாரிக்காரர்தான் எழுதுகிறார்.

இன்னொரு பின்குறிப்பு: தம்பி, இது லாரிக்காரன். நர்சம்மா மாத்திரை போட உள்ளே போயிருக்கிறார். என்னைத் திட்டியதை எல்லாம் ஒரு எழுத்து விடாமல் எழுதியிருக்கிறேன், அதனால் இதையும் நம்புங்கள். அவர் விழுந்தார். நன்றாகவே விழுந்தார். பழைய தெருவாக இருந்தால் நான் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருப்பேன், அவர் விழுந்தது எனக்குத் தெரிந்தே இருக்காது. எதிரே உட்கார்ந்திருந்ததால் உடனே போனேன். எலும்பு கூடிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தயவுசெய்து அவரைக் கூட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். அடுத்து விழப்போவது நான்தான் தம்பி. அப்போது எதிரே யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும்.